ஏரியம்மா எழுந்தருளிய காலை

பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சு இருந்த காலத்தில் ஆயிரமாடம் என்று ஒரு நகரம் இருந்தது. எழுநூறு வருஷம் நின்ற ஊர். சுட்ட செங்கல்லில் மூன்றடுக்கு வீடுகள், தெருவுக்கு இரண்டு கிணறு, மழைத்தண்ணீர் ஓட மூடிய கால்வாய். மிளகு வாங்கவும் முத்து வாங்கவும் கடல் தாண்டி ஆள் வந்து காத்துக் கிடப்பார்கள். அப்படிப்பட்ட ஊர் ஒரு நாள் காலையில், ஜனங்கள் கஞ்சி குடித்துக் கை கழுவுகிற நேரத்துக்குள் இல்லாமல் போய்விட்டது. பகைவர் யாரும் வரவில்லை. கொள்ளைநோய் வரவில்லை. சாமி குத்தமும் இல்லை. ஒரு சொல்லால் போனது. நீங்கள் நம்ப மாட்டீர்கள். முதலில் கேட்டபோது நானும் நம்பவில்லை.

ஊருக்கு மேற்கே, ஊரைவிட உயரத்தில், ஒரு ஏரி. கடல் மாதிரி அலையடிக்கும் என்பார்கள். அந்தத் தண்ணீரையும் ஊரையும் பிரித்து நின்றது ஒரு மண்கரை மட்டும்தான். அந்தக் கரையைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு குருவி இருந்தது. அதற்குக் கரைகாத்தாள் என்று பெயர். இன்று நாம் ஆள்காட்டி என்று சொல்கிறோமே, அதே நெட்டைக்கால் குருவிதான். அப்போது அதற்கு இந்தக் கரகரத்த குரல் கிடையாது. குழைவான, நிதானமான குரல். அரண்மனை முகப்பில், தங்கக் கலசத்துக்குப் பக்கத்தில் அதற்கு ஓர் இடம். அதன் அம்மாவும் அம்மாவைப் பெற்றவளும் உட்கார்ந்த இடம். தினமும் காலையில் கரை நெடுகப் பறந்து பார்த்துவிட்டு வந்து, முற்றத்தில் சேதி சொல்லும். "நண்டு வளை வச்சிருக்கு" என்று அது சொன்னால் போதும். ராசா முதல் குயவர் வரை கூடையும் மண்வெட்டியுமாகக் கரைக்கு ஓடுவார்கள். எழுநூறு வருஷம் அந்த ஊர் பிழைத்தது அந்த ஓட்டத்தால்தான்.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

ஆயிரமாடத்தின் கடைசி ராசா, பேரைச் சொல்ல எனக்கு மனசில்லை, தன் மகளுக்குக் கல்யாணம் வைத்தார். மணமேடையில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம். குருவி பறந்து வந்து மேடைமேலேயே இறங்கியது.

"மூணாம் மடையில கரை உடையுது! மண்ணு கொண்டாங்க!"

அவ்வளவுதான். தாலியைத் தட்டில் வைத்துவிட்டு மாப்பிள்ளையே கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். உச்சிவேளைக்குள் கரையை அடைத்துவிட்டார்கள். சேற்றுக் கையோடுதான் தாலி கட்டினார். ஊரே சிரித்துக்கொண்டு விருந்து சாப்பிட்டது. ஆனால் அடுத்த மாதமே அந்த மாப்பிள்ளையைப் பாம்பு கடித்துவிட்டது. ராசாவின் மனசில் ஒரு முள் ஏறிக்கொண்டது. தாலி கட்டும் நேரத்தில் 'உடையுது' என்று ஒரு சொல் விழுந்ததால்தான் மகள் வாழ்க்கை உடைந்தது என்று நினைத்தார். அழுகிற மனசு அப்படித்தான் எதையாவது பிடித்துக்கொள்ளும்.

அரண்மனைப் புலவர் செங்கோடனைக் கூப்பிட்டார்.

"இனிமே மதிலுக்குள்ள ஒருத்தர் வாயிலயும் அமங்கலம் வரக்கூடாது. அதுக்கு என்ன வழி?"

"சொல்லை மாத்திட்டாப் போச்சு, ராசா" என்றார் செங்கோடன்.

செங்கோடன் கெட்டவர் இல்லை. எறும்பைக்கூட மிதிக்காமல் நடக்கிற மனிதர். அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவும் இல்லை. நம் வீடுகளில் உள்ள வழக்கம்தானே அது. உப்பு தீர்ந்துபோனால் 'இல்லை' என்று சொல்ல மாட்டோம், 'உப்பு நிறைஞ்சிருக்கு' என்போம். விளக்கை அணை என்று சொல்ல வாய் வராது, 'குளிர வை' என்போம். புறப்படுகிறவர் 'போறேன்' என்றால் வீடே பதறிப்போய் 'போயிட்டு வர்றேன்னு சொல்லு' என்று திருத்தும். இதில் ஒரு தப்பும் இல்லை. உப்புப் பானைக்குள் கையை விட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஏரிக்குள் யார் கையை விட்டுப் பார்ப்பது?

ராசாவுக்குச் செங்கோடன் சொன்னது தேனாக இனித்தது. மறுநாளே முரசு அறைந்தார்கள். பானை உடைந்தால் 'விரிஞ்சது' என்று சொல்ல வேண்டும். செத்தவரை 'தூங்குறார்' என்று சொல்ல வேண்டும். துணி என்ற சொல்லிலேயே வெட்டித் துண்டாக்குகிற அர்த்தம் இருக்கிறதாம். அதனால் துணியைக்கூட 'உடை' என்றுதான் சொல்ல வேண்டும். உடைவது என்ற பேச்சே ஊரில் இல்லாமல் போனபிறகு, உடை என்றால் கட்டிக்கொள்வது மட்டும்தான் என்று ஆயிற்று. சொல்லை மீறிய ஒரு மைனா 'தீ' என்று கத்தியதற்காக அதன் இறகை வெட்டி விட்டார்கள். தீ அணைந்தது, அது வேறு விஷயம்.

குருவியையும் செங்கோடன் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

"நண்டு வளை வச்சிருந்தா, 'கரைக்குக் கண் திறந்திருக்கு'ன்னு சொல்லு. ஏரி தூர்ந்து மேடாயிருந்தா, 'ஏரி பூரிச்சிருக்கு'ன்னு சொல்லு."

"கரை உடைஞ்சா?"

செங்கோடன் காதைப் பொத்திக்கொண்டார். "அந்தச் சொல் வேண்டாம் தாயி. 'ஏரியம்மா எழுந்தருளுறா'ன்னு சொல்லு. கேக்கவே எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு பாரு."

"இதெல்லாம் எல்லாருக்கும் புரியுமா, ஐயா?"

"ஏன் புரியாது? நாந்தான் தெருத்தெருவாப் போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கேனே."

சொன்னபடியே முதல் சில வருஷம் புரியத்தான் செய்தது. 'கண் திறந்திருக்கு' என்று குருவி சொன்னால் வயசானவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கூடையை எடுப்பார்கள். ஆனால் இளவட்டங்களுக்கு அந்த அவசரம் வரவில்லை. காதில் விழுகிற சொல்லுக்குத்தானே கால் நகரும்? பிறகு வயசானவர்கள் ஒவ்வொருவராகத் தூங்கப் போனார்கள். அந்தத் தூக்கம் எது என்று உங்களுக்குத் தெரியும். இருபது வருஷம் ஓடியது. 'ஏரி பூரிச்சிருக்கு' என்று குருவி வந்து சொன்னால், ராசா கை தட்டிச் சிரித்து அதற்கு ஒரு பிடி கம்பு போடச் சொல்வார். கோடையில் தூர் வாரப் போகிற வழக்கம் நின்றே போனது. பூரித்திருக்கிற ஏரியில் யார் மண்வெட்டியைப் போடுவார்கள்? குருவிக்கு இது முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. கம்பும் நன்றாகத்தான் இருந்தது. அதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மதிலுக்கு வெளியே, மூன்றாம் மடையடியில் ஒரு குடிசையில் கொற்றி என்ற மடைக்காரி இருந்தாள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவள் வேலை. முரசுச் சட்டம் மதிலோடு நின்றுவிட்டதால் அவள் பேச்சு பழைய பேச்சாகவே இருந்தது. குருவியும் அவளும் அக்கா தங்கை மாதிரி. கொற்றியின் ஒரே மகள் வெண்ணியைப் பள்ளத்தெருவில், ஊரிலேயே தாழ்வான தெருவில் கட்டிக் கொடுத்திருந்தது. நெசவுக்காரர் வீடு. போன இடத்தில் அவள் பேச்சும் மதிலுக்குள் பேச்சாகிப் போனது. பத்து வருஷமாகப் பிள்ளை இல்லாமல் இருந்து, இப்போதுதான் நிறைமாசம். குழந்தையாக இருந்தபோது குருவியின் பின்னாலேயே கரைமேல் ஓடித் திரிந்தவள் வெண்ணி. குருவியை அவள் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

ஐப்பசியில் ஒன்பது நாள் விடாமல் மழை. பத்தாம் நாள் பளிச்சென்று வெயில் அடித்தது. காலையில் குருவி கரைக்கு வந்தபோது கொற்றி மடையோரம் முழங்கால் சேற்றில் நின்று, வைக்கோலையும் களிமண்ணையும் உருட்டி உருட்டிக் கரையில் அடைத்துக்கொண்டிருந்தாள். கரை நெடுக விரல் போகிற அளவுக்கு வெடிப்பு. அதிலிருந்து வருகிற தண்ணீர் கலங்கிச் சிவப்பாக இருந்தது. தெளிவாகக் கசிந்தால் பயமில்லை; கலங்கி வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம்.

"ஏ தங்கச்சி, நிக்காத, பற!" கொற்றி தலையை நிமிர்த்தாமலே கத்தினாள். "நான் ஒருத்தி எம்புட்டு நேரம் தாங்குவேன்? ஊரையே மேட்டுக்கு ஏறச் சொல்லு. வெண்ணிய முதல்ல ஏத்து. அவளால ஓட முடியாதுடீ."

"போறேன் அக்கா."

"பச்சையாச் சொல்லு. உடையுதுன்னு சொல்லு. அங்க போயி அவுக பேச்சைப் பேசிறாத."

"மாட்டேன் அக்கா" என்றது குருவி.

அது நேராகப் பள்ளத்தெருவுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சேதி முதலில் ராசாவுக்கு என்பது ஏழு தலைமுறைப் பழக்கம்; சிறகு தானாக அரண்மனைப் பக்கம் திரும்பிவிட்டது. முற்றத்தில் சபை கூடியிருந்தது. மழை விட்டதில் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். குருவி இறங்கியதும் ராசா எழுந்தே நின்றார்.

"வா குருவி, பத்து நாளா உன்னைக் காணோம். நல்ல சேதி சொல்லு."

குருவி வாயைத் திறந்தது. 'உடையுது' என்ற சொல் தொண்டைவரை வந்தது. எதிரே சபை. பட்டும் சந்தனமுமாக நூறு பேர். முற்றத்து ஓரத்தில் இறகு வெட்டப்பட்ட கிழட்டு மைனா ஒன்று தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தது. மேலே கலசத்துக்குப் பக்கத்தில் அதன் அம்மா உட்கார்ந்த இடம். இவ்வளவு பேர் நடுவில் எப்படி அந்தச் சொல்லைச் சொல்வது? சொல்லக் கூடாத இடத்தில் கெட்ட வார்த்தை பேசுவது மாதிரி அதற்குக் கூசியது. ஐயோ, கூசியதாம்!

"ஏரியம்மா எழுந்தருளுறா, ராசா" என்றது குருவி.

சபையில் ஹோ என்று ஒரே ஆரவாரம். எழுநூறு வருஷமாகத் தண்ணீர் தந்த தாய், கரையைத் தாண்டி ஊருக்குள் எழுந்தருளுகிறாள்! சாமி புறப்பாட்டுக்குச் சொல்கிற சொல் அல்லவா அது! ராசாவின் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. "என் காலத்துலயா இந்தப் பாக்கியம்!" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

ராசாவே மறந்துபோன அந்தச் சொல்லின் அர்த்தம் நினைவிருந்த மனிதர் அங்கே ஒரே ஒருவர் இருந்தார். தூணோரம் கோலை ஊன்றி உட்கார்ந்திருந்த செங்கோடன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எழுந்துவிட்டார்.

"ராசா... கரை..."

"கரைக்கு என்ன, செங்கோடரே?"

கிழவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். இருபது வருஷமாக ஊர் நாக்கையெல்லாம் திருத்தியவருக்கு, தன் நாக்கைப் பழையபடி திருப்பத் தெரியவில்லை. சபை மொத்தமும் அவரையே பார்த்துச் சிரித்த முகமாக நின்றது.

"கரை... மங்கலம், ராசா" என்று சொல்லிவிட்டு, அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தார்.

முரசு முழங்கியது. "ஏரியம்மா எழுந்தருளுறா! வீட்டுக்கு ஒரு தட்டு ஆரத்தி! மேலவீதியில கூடுங்க!" மேலவீதி ஏரிக்கு நேர் எதிரே இருக்கிற வீதி. ஜனங்கள் மேட்டுக்கு ஓட வேண்டிய நேரத்தில் தண்ணீரைப் பார்த்து நடந்தார்கள். கொம்பு ஊதிக்கொண்டும், பறை அடித்துக்கொண்டும், குழந்தைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டும் போனார்கள்.

குருவிக்கு அப்போதுதான் புத்தி வந்தது. பள்ளத்தெருவுக்குப் பறந்தது. வாசலில் வெண்ணி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு, ஒரு கையை இடுப்பில் வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பின்னால் அக்கம்பக்கத்துப் பெண்கள்.

"சித்தி! நீதான் சேதி கொண்டு வந்தியாமே! அம்மாவும் வருவாளா?"

இருபது வருஷமாக மதிலுக்குள் சொல்லாத சொல் துண்டு துண்டாகத்தான் வெளியே வந்தது.

"கரை... உடை! கரை... உடை! வெண்ணி! கரை, உடை!"

வெண்ணி கண்ணை அகல விரித்தாள். குனிந்து தன் சேலையைப் பார்த்தாள். வீட்டு வேலைக்குக் கட்டுகிற, கரையில்லாத பழஞ்சேலை. அவள் முகம் வெட்கத்தில் சிவந்துபோனது.

"அடி ஆத்தா, ஆமா! அம்மன் வரும்போது வெறும் உடையோட நிக்கலாமா? கரை போட்ட உடை கட்டிக்கிட்டு வரச் சொல்லுது சித்தி!" என்று பெண்களைப் பார்த்துச் சொன்னாள். "ஒரு நிமிஷம், இந்தா வந்துட்டேன்."

தெருவே வீட்டுக்குள் திரும்பியது. 'கரை உடை, கரை உடை' என்று ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குச் சொல்லிச் சொல்லி, ஊர் முழுக்கப் பெட்டிகளைத் திறந்தார்கள். குருவி ஒவ்வொரு ஜன்னலாக மோதியது. "இல்லை! அந்தக் கரை இல்லை! ஏரி! தண்ணி!" என்று அலறியது. "ஆமா, ஏரியம்மா வர்றா, தெரியும், தெரியும்" என்று சிரித்தார்கள். வெண்ணி மாதுளம்பழ நிறத்தில் கரை போட்ட கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு, வயிற்றுக்குமேல் கொசுவம் நிற்காமல் பிடித்தபடி, மறுபடி வாசலுக்கு வந்து தட்டை எடுத்தாள்.

அப்போது மேற்கே ஒரு சத்தம் கேட்டது. கூட்டம் கையைத் தலைக்குமேல் கூப்பியது.

நான் அதை விவரிக்கப் போவதில்லை. மூன்று பனை உயரம். அவ்வளவு சொன்னால் போதும்.

சாயங்காலம் கொற்றி வந்தாள். அவள் நின்ற இடத்துக்குப் பத்து முழம் தள்ளிக் கரை போயிருந்தது. அவள் மட்டும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்து தப்பியிருந்தாள். ஊர் இருந்த இடத்தில் இடுப்பளவு வண்டல். வழி காட்ட மதில் இல்லை, தெரு இல்லை. இடிந்த மாடங்களின் சுவர் முனைகள் மட்டும் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. குருவி முன்னால் பறந்து பறந்து உட்கார்ந்து, அவளை வெண்ணி கிடந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. கொற்றி மகள் முகத்துச் சேற்றை முந்தானையால் துடைத்தாள். சேலையைத் தடவிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கல்யாணச் சேலை ஏன் கட்டியிருக்கா?"

குருவி சேற்றில் தத்தி ஓரடி பின்னால் போனது.

"சொன்னியா, இல்லையாடீ?"

"சொன்னேன் அக்கா."

"என்ன சொன்னே?"

குருவி எல்லாவற்றையும் சொன்னது. அரண்மனையில் சொன்ன சொல்லையும், வாசலில் சொன்ன சொல்லையும், அது வெண்ணி காதில் எப்படி விழுந்தது என்பதையும் மறைக்காமல் சொன்னது. கொற்றி அதைத் திட்டவில்லை. கல்லை எடுத்து எறியவும் இல்லை. மகள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, யாரோடோ பேசுவது மாதிரி சொன்னாள்.

"சொல்லே இல்லாம சும்மா கத்தியிருந்தாக்கூட, என் மக மிரண்டு ஓடியிருப்பாளே."

குருவி அதற்குப் பிறகு மனிதரோடு பேசவே இல்லை. அன்று அது அழுத அழுகையில் கண்ணைச் சுற்றிப் புண்ணாகிச் சிவந்த சிவப்பு இன்னும் ஆறவில்லை. கலசத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கூச்சத்தில் அது மரக்கிளையில்கூட உட்காருவதை விட்டுவிட்டது. வெட்டவெளித் தரையில் முட்டை இட்டு, தரையிலேயே நிற்கிறது. எங்கேயாவது தரிசில் ஏர் ஓட்டும்போது பழைய செங்கல்லும் ஓட்டாஞ்சில்லும் கிளம்பினால், அது எந்த ஊர், எப்படிப் போனது என்று நாம் குனிந்து பார்ப்போம். அந்த நேரத்தில் தலைக்குமேல் அது வட்டமடித்து வட்டமடித்துக் கத்தும். "சனியன், காது கிழியுது" என்று நாம் மண்ணாங்கட்டியை எடுத்து வீசுவோம். அது போகாது.

கொற்றி அந்த வார்த்தையைச் சொன்ன சாயங்காலத்திலிருந்துதான், ஆள் தலை தெரிந்தாலே அந்தக் குருவி, ஒரு சொல்லும் இல்லாமல், கத்துகிறது.